கிளுவை வேலிக்குள் ஒளியும் முட்டைகள்

மேய்ச்சலுக்கு விடும் நாட்டுக்கோழி, கொடாப்பில் முட்டை இடாமல் வேலியிலும் புதரிலும் இட்டுவிட்டு வருகிறது, என்ன செய்வது? நம் கேள்வி-பதில் பகுதிக்கு இந்தக் கேள்வி வராத மாதம் குறைவு. பதிலும் வழக்கமாக நாலு வரியில் முடிந்துவிடும். பெட்டி வையுங்கள், வைக்கோல் போடுங்கள், காலையில் கொஞ்ச நேரம் அடைத்து வையுங்கள். பதிலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், பெட்டி வைத்தவர்களே மறுபடியும் எழுதுகிறார்கள். 'பெட்டி பெட்டியாகவே இருக்கிறது. முட்டை வேலியில்தான் கிடக்கிறது.'

அப்படி அந்த வேலியில் கோழி எதைத்தான் கண்டது? பார்த்துவிட்டு வரலாம் என்று, தை மாதக் கடைசியில் மூலனூர், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் மூன்று நாள் சுற்றினேன்.

வேலி என்றால் அந்தப் பக்கத்து வேலிதான் வேலி. காங்கேயம் மாடு பிறந்த மண். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிட்டுப் போய்விடும். அதனால், உழுகிற காட்டோடு, மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்த காடும் இங்கே உண்டு. கொறங்காடு என்கிறார்கள். கீழே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. கிளுவையைப் போத்து வெட்டி மழை ஈரத்தில் நட்டுவிட்டால், அதன்பிறகு தண்ணீர் கேட்காது. வெயில் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். ஒரு மழைக்குத் துளிர்த்துக்கொள்ளும். வருஷம் ஆக ஆக அடித்தண்டு பெருத்து, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். அதன்மேல் பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும் படரும். ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாது. கோழி நுழையும்.

இங்கிருந்து மேற்கே போனால் கறிக்கோழிக்குப் பேர்போன பல்லடம். வடகிழக்கே போனால் முட்டைக்குப் பேர்போன நாமக்கல். நாமக்கல் கூண்டில் கோழி எங்கே முட்டை இடுவது என்ற பேச்சே இல்லை. கம்பித்தரை முன்பக்கம் சரிவாக இருக்கும். இட்ட முட்டை தானே உருண்டு வெளியே வந்து நிற்கும். கொறங்காட்டுக் கோழிக்கு மட்டும்தான் இடம் தேடும் உரிமை இருக்கிறது. அதை அது முழுசாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

கருப்புக் கோழியின் காலை

முதலில் போனது மூலனூருக்கு வடக்கே, கொறங்காட்டு நடுவில் இருக்கும் ஒரு சாளைக்கு. எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், 15 சிறுவிடைக் கோழிகளும் 2 சேவல்களும் வைத்திருக்கிறார். பால் மாடு, செம்மறி எல்லாம் மகன் பொறுப்பு. கோழி மட்டும் இவருடையது.

"பால் பணம் சொசைட்டியில இருந்து பேங்குக்குப் போயிருதுங்க கண்ணு. அது வாரதும் தெரியாது, போறதும் தெரியாது. முட்டைக் காசு மட்டுந்தான் என்ற முந்தானையில இருக்குது. அதுலயும் பாதியக் கீரி தின்னுபோடுது" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். சிறுவிடை ஒரு சுற்றுக்கு 12 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். ஆண்டுக்கு 3, 4 சுற்று. கோழிக்கு 50 முட்டை என்று வைத்துக்கொண்டால் 15 கோழிக்கு 750. அதில் மூன்றில் ஒரு பங்கு வேலியில் போனால் 250 முட்டை. அவர் விற்கும் விலையான 15 ரூபாய்க்கே பார்த்தாலும் 3,750 ரூபாய். பெரிய பண்ணைக்காரருக்கு இது ஒரு தொகையே கிடையாது. இந்த அம்மாவுக்கு அது பேத்திகளுக்கு எடுக்கும் துணி, கோயில் காரியம், மருந்து மாத்திரை. யாரிடமும் கேட்காமல் எடுக்கிற காசு.

மறுநாள் காலை ஆறரைக்கே போய், வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கொடாப்பைத் திறந்ததும் எல்லாக் கோழிகளும் எருக்குழியைக் கிளறப் போயின. ஏழரை மணிவாக்கில் ஒரு கருப்புக் கோழி மட்டும் கிளறுவதை நிறுத்தியது. கழுத்தை நீட்டிக்கொண்டு, இழுத்து இழுத்துக் கேற ஆரம்பித்தது. கட்டுத்தரைக்குள் போய்த் தீனித்தொட்டியை எட்டிப் பார்த்தது. உள்ளே இறங்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்தது. அடுத்து விறகு அடுக்கு. பிறகு சோளத்தட்டுப் போருக்குப் பின்புறம். எல்லாவற்றையும் பார்த்தது, எதிலும் உட்காரவில்லை. அரைமணி நேரம் இப்படி அலைந்துவிட்டு வேலியோரமாக நடந்தது. நான் ஒரு நொடி திரும்பிப் பார்ப்பதற்குள் காணவில்லை.

"தொண்டுக்குள்ள பூந்துக்கிச்சுங்க. நீங்க பாத்துட்டு இருக்கறீங்கன்னு அதுக்குத் தெரியும்" என்று சிரித்தார் அந்த அம்மா.

முக்கால் மணி நேரம் கழித்து அது வெளியே வந்தது, போன தொண்டு வழியாக இல்லை. பத்தடி தள்ளி இன்னொன்று வழியாக. சத்தமே இல்லாமல் கட்டுத்தரை வரைக்கும் நடந்து வந்து, அங்கே நின்று கொக்கரித்தது. கொக்கரிப்பை நம்பிப் போய்த் தேடினால் சாணிதான் கிடைக்கும்.

கைவிளக்கும் நீளக் குச்சியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, கிட்டத்தட்டப் படுத்துத்தான் பார்க்க முடிந்தது. பின்பக்கம் கிளுவைத் தண்டு சுவர் மாதிரி நிற்கிறது. மேலே பிரண்டைக் கொடி கூரை. தரையில் காய்ந்த சருகு, நடுவில் கோழி உடம்பு அளவுக்கு மட்டும் குழி. ஈரம் இல்லை. வெயில் ஏறிய பிறகும் குளுமை. உள்ளே உட்கார்ந்தால் முன்பக்கம் ஒரு இடுக்கு வழியாக வாசல் தெரியும். வாசலில் இருக்கிறவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியாது. 7 முட்டைகள் கிடந்தன. வேலியில் கோழி எதைக் கண்டது என்று கேட்டுக்கொண்டு போனேன் அல்லவா, இதைத்தான் கண்டிருக்கிறது. இருட்டு, முதுகுக்குத் தடுப்பு, தலைக்கு மறைவு, காய்ந்த மெத்தை, முன்னால் ஒரே ஒரு வாசல்.

நம் வீட்டுக்கோழிக்கு மூதாதை செங்காட்டுக்கோழி. அது புதர் அடியில், தரையில்தான் ஒளித்து முட்டை இடும். அந்தக் குணம் கோழியை விட்டுப் போகவில்லை. பிரிட்டனில் எடின்பரோ நகரில் இருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்தில், 1960-களில் வுட்-கஷ், கில்பர்ட் என்ற இருவர் இதைத் துருவிப் பார்த்தார்கள். முட்டை இடும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வரும் அந்த அலைச்சல், வயிற்றில் இருக்கும் முட்டை முட்டுவதால் வருவதில்லை என்று கண்டார்கள். கரு வெளியேறியபின் சினைப்பையில் தங்கும் வெற்றுப் பை இருக்கிறதே, அதுதான் ஏறக்குறைய ஒரு நாள் கழித்து 'இடம் தேடு' என்று கோழியைக் கிளப்பிவிடுகிறது. அந்தப் பையை எடுத்துவிட்டால் கோழி முட்டையை இடும்; இடம் தேடாது.

ஆக, இன்று காலை கோழி அலைவதற்கான உத்தரவு நேற்றே போடப்பட்டுவிட்டது. அடம், திமிர் என்று நாம் திட்டுவதெல்லாம் அதற்குப் பொருந்தாது. தேடாமல் இருக்க அதனால் முடியாது. கூண்டில் இருக்கும் கோழிகூட முட்டை இடும் முன் குறுக்கும் நெடுக்கும் நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் வெறும் கம்பிக் கூண்டைத் தடை செய்து, கூண்டுக்குள்ளும் முட்டையிட மறைவிடம் வேண்டும் என்று வைத்ததற்கு இந்த ஆராய்ச்சிகளும் ஒரு காரணம்.

விரல் வைத்துப் பார்ப்பது

அந்த அம்மாவிடம் பெட்டி இல்லை. வேறொரு முறை இருக்கிறது. நம் பாட்டிமார் எல்லோரும் செய்ததுதான். விடியற்காலை கொடாப்பைத் திறக்கும்போது ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, வாலடியில் விரலால் தடவிப் பார்ப்பது. முட்டை கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டால் அன்றைக்கு இடும். அதை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு மற்றதைத் திறந்துவிடுவார்கள். பத்து கோழி வரைக்கும் இதைவிடச் சிக்கனமான முறை கிடையாது. ஆனால் இவருக்கு இப்போது மூட்டுவலி. குனிந்து 15 கோழியைப் பிடிக்க முடியவில்லை. விட்ட நாளில் எல்லாம் முட்டை வேலிக்குப் போகிறது.

பஞ்சாரத்தில் ஒரு குறை உண்டு. ஓலையின் இடுக்கு வழியாக வெளிச்சம் வரும், கோழி உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடி, உள்ளே பழைய முறத்தில் கொஞ்சம் சருகும் வைத்துப் பாருங்கள் என்று சொன்னேன். அன்றைக்கே செய்தார். சிவப்புக் கோழி ஒன்று சாக்குப் போட்ட கால்மணி நேரத்தில் அடங்கி உட்கார்ந்தது.

வேலியில் முட்டை கிடைத்தால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதும் இவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு முட்டையை விட்டுவைத்து, அதில் அடுப்புக்கரியால் கோடு போடுகிறார். மொத்தமாக எடுத்துவிட்டால் கோழி அந்த இடத்தைக் கைவிட்டு இன்னும் ஆழமாக, நமக்குத் தெரியாத இடமாகப் பார்த்துக்கொள்ளும். கோடு போட்டது பழசு, மற்றது புதுசு என்று குழப்பமும் இல்லை.

எடுத்து வந்த முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதிது. நட்டுக்கொண்டு நின்றால் நாளானது. மிதந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். வேலி முட்டையை அடை வைக்க நான் சொல்ல மாட்டேன். சேவலோடு இருக்கும் கோழியின் முட்டையில், வெளி வெப்பம் 27 டிகிரியைத் தாண்டினாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கும். இரவில் நின்று, பகலில் வளர்ந்து, கடைசியில் கூமுட்டையாகும். 'அடை வைத்த பன்னிரண்டில் நான்குதான் பொரித்தது' என்று எழுதும் வாசகர்கள், அந்த முட்டை எங்கே, எத்தனை நாள் கிடந்தது என்று முதலில் பாருங்கள். இட்ட ஒரு வாரத்துக்குள் இருக்கும் முட்டையே அடைக்கு நல்லது.

கையை விடாதீர்கள்

முட்டை நஷ்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அன்று மாலை காதில் விழுந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண், போன வருஷம் வேலித் தொண்டுக்குள் முட்டைக்காகக் கையை விட்டிருக்கிறார். சுருட்டைவிரியன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பாம்புதான். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதால் பிழைத்தார். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.

வறண்ட காடும் முள்வேலியும் சருகும் சுருட்டைவிரியனுக்குப் பிடித்தமான இடங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் ஆகியவற்றோடு சேர்த்து நம் நாட்டில் அதிகம் ஆளைக் கொல்லும் நாலு பாம்பில் அதுவும் ஒன்று. நாகமும் சாரையும் முட்டைக்காகவே வரும். விரியன் சருகில் குளுமைக்குப் படுத்திருக்கும். வேலியில் முட்டை தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும்தான். குச்சியால் சருகைத் தட்டாமல், விளக்கு அடித்துப் பார்க்காமல் யாரும் கையை விடக் கூடாது. ஒரு நீளக் கம்பின் நுனியில் பழைய கரண்டியைக் கட்டி வைத்துக்கொண்டால் முட்டையை வெளியே இழுக்கலாம். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கையை அசைக்காமல் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் கணக்கில், முட்டைப் பெட்டிக்கு முதல் காரணம் இதுதான். முட்டைக் காசு இரண்டாவது.

இருபது பெட்டி, ஒரு பெட்டிக்கு வரிசை

வெள்ளகோவிலைத் தாண்டி இரண்டாவது இடம். திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த இளைஞர், இரண்டு ஏக்கரில் 80 கோழி மேய விட்டிருக்கிறார். சிறுவிடையும், கொஞ்சம் கிராமப்பிரியாவும். தச்சரைக் கூப்பிட்டு 20 பெட்டி ஒரே வரிசையாக, அழகாகச் செய்து வைத்திருந்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், வாசலைப் பார்த்து. மேலே தகரம்.

"ஏனுங்கண்ணா, இருபது பெட்டி இருக்குது. மூலையில இருக்கற ஒரே பெட்டிக்கு ஆறு கோழி சண்டை போடுது. மிச்சமெல்லாம் வேலிக்குப் போயிருது" என்றார்.

பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. வாசலைப் பார்த்திருப்பதால் காலை வெயில் நேராகப் பெட்டிக்குள் விழுகிறது. ஒன்பது மணிக்கே தகரம் சுடுகிறது. மூலைப் பெட்டி மட்டும் இருட்டு. ஒரு பக்கம் சுவர். கோழி அதைத்தான் வேலியோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒரு கோழி உட்கார்ந்த இடம் பாதுகாப்பானது என்று மற்றதும் அங்கேயே வரும். வரிசையில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால், நேற்று இட்டது எது என்று அதற்கு அடையாளமும் தெரிவதில்லை. ஓரப் பெட்டிகளைத்தான் எளிதில் கண்டுபிடிக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோழி அடையும் சட்டம் இரண்டடி உயரத்தில், பெட்டியின் மேல்வரிசை மூன்றடியில். இரவில் கோழி எப்போதும் உயரமான இடத்தைத்தான் பிடிக்கும். அதனால் பெட்டியிலேயே தூங்குகின்றன. விடிந்தால் பெட்டி முழுக்க எச்சம். எச்சம் இருக்கும் பெட்டியில் முட்டை இட எந்தக் கோழி வரும்? பெட்டி இடுக்கில் கத்தி முனையை விட்டு எடுத்தால் பேனும் உண்ணியுமாக வந்தது. ராத்திரியில் கடித்துவிட்டுப் பகலில் பலகை இடுக்கில் ஒளியும் சிவப்புச் செள் அது. மேய்ச்சல் கோழி திடீரென்று பெட்டியை வெறுத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

தச்சர் கூலியை நினைத்து வருத்தப்பட வேண்டாம், பெட்டியை வைத்தே சரிசெய்யலாம் என்று அன்று மத்தியானமே வேலையில் இறங்கினோம். வரிசையைப் பிரித்து, நாலு நாலாக மூலைகளுக்குக் கொண்டுபோனோம். வாய் சுவரைப் பார்க்க, சுவருக்கும் பெட்டிக்கும் ஒன்றரை அடி சந்து. வேலிக்குள் நுழைவது மாதிரியே சுற்றிக்கொண்டு நுழைய வேண்டும். வாயில் பாதி அளவுக்குக் கோணிச் சாக்குத் திரை. தகரத்தின் மேல் தென்னங்கீற்று. கோழி ஏறி உட்கார முடியாதபடி மேல்பலகையைச் சரித்து அடித்தோம். அடையும் சட்டத்தை நாலடிக்கு ஏற்றினோம். பெட்டியை ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் இறக்கினோம். பழைய வைக்கோலைக் கொளுத்திவிட்டு, இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டோம்.

அளவு கேட்பவர்களுக்கு: சிறுவிடைக்கு ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம், ஒன்றேகால் அடி உயரம். பெருவிடைக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிதாகச் செய்தால் இரண்டு கோழி ஒன்றாக நுழைந்து முட்டையை மிதிக்கும். முன்னால் 4 அங்குலத் தடுப்புப் பலகை, அதற்குள் 3 அங்குலத்துக்கு மெத்தை. நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும். ஆக, 80 கோழிக்கு 20 பெட்டி என்ற அவர் கணக்கு சரி.

மெத்தைக்கு வைக்கோல்தான் வேண்டும் என்றில்லை. நெல் இல்லாத காட்டில் வைக்கோலுக்கு எங்கே போவது? காய்ந்த கொழுக்கட்டைப் புல்லைக் கொறங்காட்டிலிருந்து அறுத்து வந்து போட்டோம். வைக்கோலைவிட அதில் கோழி நன்றாகக் குழி பறித்துக்கொள்கிறது. கடலைத் தொலி போடுகிறவர்கள் ஈரம் படாமல் பாருங்கள், பூசணம் பிடித்துவிடும். கொஞ்சம் வேப்பிலையும் அடியில் சாம்பலும் போடுவது நம் பழைய வழக்கம், நல்லதுதான். ஆனால் செள் பிடித்த பெட்டியை வேப்பிலை மட்டும் காப்பாற்றாது, மெத்தையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பெட்டியைச் சரிசெய்வது பாதி வேலை. மீதி, கோழியின் பழக்கம். வேலியில் இரண்டு சுற்று இட்டுப் பழகிய கோழி, பெட்டி எத்தனை நன்றாக இருந்தாலும் வேலிக்குத்தான் போகும். அதைத் திருப்ப ஒரே வழி, காலை பத்தரை, பதினொன்று வரை உள்ளேயே வைத்திருப்பது. பெரும்பாலான முட்டை அதற்குள் விழுந்துவிடும். இரண்டு, மூன்று வாரம் தவறாமல் செய்ய வேண்டும். அடைத்து வைக்கும் நேரத்தில் தீனியும் தண்ணீரும் உள்ளேயே இருக்கட்டும். பட்டினி போட்டு அடைத்தால் ஒன்றையொன்று கொத்தும். கொட்டகையில் வேறு இருட்டு மூலை இருந்தால் கல்லோ பலகையோ வைத்து அடைத்துவிடுங்கள். தரையில் விழும் முட்டையை உடனுக்குடன் எடுங்கள். அதைப் பார்த்தே அடுத்த கோழி அங்கே இடும். அதே காரணத்துக்காகத்தான் பெட்டிக்குள் ஒரு பொய் முட்டை வைப்பது. மரத்தில் கடைந்தது, சுண்ணாம்பில் பிடித்தது, பிள்ளைகளின் பிங்பாங் பந்து எதுவும் ஆகும். பந்து காற்றில் உருளும் என்பதால் உள்ளே மணல் அடைத்து ஒட்டிவிடுங்கள்.

விடைக்கோழிகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை. ஐந்து மாதம் ஆகி, கொண்டை சிவந்து, கை வைத்தால் பதுங்கி உட்கார ஆரம்பித்ததா? அதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே பெட்டி அங்கே இருக்க வேண்டும். முதல் முட்டையை எங்கே இடுகிறதோ அங்கேதான் அடுத்ததும். 'கோழி முட்டை வைக்கத் தொடங்கிவிட்டது, எப்படிப் பெட்டி செய்வது?' என்று எழுதும் வாசகர்கள் ஒரு மாதம் தாமதமாகிவிட்டார்கள் என்று வையுங்கள்.

பத்து நாள் கழித்துப் போனில் பேசினார். 80 கோழியில் அந்தச் சமயம் முட்டையில் இருந்தவை 34. நாளுக்கு ஐந்தாறு முட்டைதான் இப்போது வேலிக்குப் போகிறதாம். மூலைச் சண்டை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடைக்கு உட்கார்ந்த கோழிகள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நகர மறுப்பது புதுப் பிரச்சினை. அடைக்கோழியைத் தனிக் கூடைக்கு மாற்றாமல் பெட்டியிலேயே விட்டால் மற்றவை திரும்ப வேலிக்குக் கிளம்பும். அன்று இரவே மாற்றிவிடச் சொன்னேன்.

கூடையை நகர்த்தியவர்

மூன்றாவது இடம் தாராபுரம் பக்கம், அமராவதி ஆற்றுப் பாசனத் தென்னந்தோப்பு. இங்கே கிளுவை கிடையாது. கோழிக்கு மட்டைக் குவியல்தான் வேலி. தோப்புக்காரர் அறுபதைத் தாண்டியவர். அடைத்து வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "பூச்சி பொழுது விடியத்தான் கிடைக்கும். அப்பப் பாத்து அடைச்சா மேய்ச்சல் எதுக்குங்க?" என்கிறார். அதில் ஞாயம் இருக்கிறது.

அவர் செய்தது வேறு. மட்டைக் குவியலில் கோழி முட்டை இட்ட அதே இடத்தில், வாய் அகன்ற மண்பானையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, கோழி உட்கார்ந்த அதே சருகை உள்ளே போட்டு, ஒரு முட்டையையும் வைத்துவிட்டார். கோழி பானைக்குள் இட ஆரம்பித்ததும், இரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டடி நகர்த்தியிருக்கிறார். பானையை வெறுமனே விடாமல் மேலே இரண்டு மட்டையையும் சேர்த்தே நகர்த்தினாராம். இப்படி ஒரு மாதத்தில் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து கோழியில் மூன்று பானையோடு வந்தன. ஒன்று பாதி வழியில் விட்டுவிட்டுப் போனது. இன்னொன்று முதல் நாளே பானையைப் பார்த்து மிரண்டு ஓடிவிட்டது.

பொறுமைசாலிக்குத்தான் இது ஒத்துவரும். நூறு கோழிக்கு ஆகாது. ஆனால், பானை தகரத்தைவிடவும் பிளாஸ்டிக்கைவிடவும் குளிர்ச்சி, இடுக்கு இல்லாததால் செள் தங்காது, வெயிலில் காயவைத்தால் சுத்தம். பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவர்களுக்குப் பலகைப் பெட்டியைவிடப் பானையையே நான் சொல்வேன். மூலனூர் அம்மாவுக்கும் அதைத்தான் போன் போட்டுச் சொன்னேன். விளிம்பு உடைந்த பானைகள் அட்டாலியில் நாலைந்து கிடப்பதாகச் சொன்னார்.

வேலியை வெட்டலாமா?

போன இடத்திலெல்லாம் ஒரு பேச்சு வந்தது. கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பிவலை கட்டிவிட்டால் பாம்பும் இல்லை, முட்டை தேடும் வேலையும் இல்லை என்று. ஏற்கெனவே பல காடுகளில் கம்பி வந்துவிட்டது. வேலி யாருடையது என்ற சண்டையும் அதோடு ஓய்ந்துவிடும் என்கிறார்கள். பொது வேலியில் அந்தப் பக்கத்துக் கோழி இந்தப் பக்கம் இட்ட முட்டை யாருக்குச் சொந்தம் என்று பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களும் உண்டு.

நான் இதற்கு உடன்பட மாட்டேன். வல்லூறும் பருந்தும் மேலே வட்டமிட்டால், குஞ்சோடு தாய்க்கோழி ஓடி ஒளிவது அந்த வேலிக்குள்தான். வேலி போன காட்டில் குஞ்சுகள் எத்தனை தேறுகின்றன என்று கம்பி கட்டியவர்களையே கேட்டுப் பாருங்கள். வேலி அடியில் கிடைக்கும் கரையானும் பூச்சியும் காசு கொடுக்காமல் கிடைக்கும் தீனி.

வீட்டை ஒட்டிய ஐம்பது, அறுபது அடி வேலியை மட்டும் கவனித்தால் போதும். அடிச்சருகைக் கம்பால் இழுத்துக் கூட்டுங்கள். முழங்கால் உயரத்துக்குக் கொடிகளை அறுத்து வெளிச்சம் விடுங்கள். இருட்டுப் போனால் கோழிக்கு அந்த இடம் பிடிக்காது, விரியனுக்கும் பிடிக்காது. பகலில், கால் மூடும் செருப்பு போட்டுக்கொண்டு செய்யுங்கள். மேலே கிளுவை அப்படியே நிற்கட்டும்.

கூட்டி எடுத்த சருகை எரிக்க வேண்டாம். வெயிலில் ஒரு நாள் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். வெள்ளகோவில் இளைஞர் நாலு பெட்டியில் கிளுவைச் சருகும், மற்றதில் புல்லுமாகப் போட்டிருக்கிறார். வேலிக்குப் பழகிய கோழிகள் சருகுப் பெட்டிக்கு முதலில் போகின்றனவா என்று குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். முள் இல்லாமல் பொறுக்கிப் போடுங்கள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.